மாம்பழத்துக்குள் மறைந்திருக்கும் வண்டு: கருவியால் கண்டுபிடிக்க முடியுமா?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் அருவிக்கரைக் கடைகளிலும் தென்காசி மார்க்கெட்டிலும் பழ வியாபாரம் களைகட்டிவிடும். தோலில் ஒரு புள்ளிகூட இல்லாத நீலம் பழத்தை நம்பி விற்கிறோம். வீட்டில் நறுக்கும்போது கொட்டையிலிருந்து கருவண்டு வெளியே வருகிறது. வாடிக்கையாளரிடம் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான்.

மாங்கொட்டை வண்டு பிஞ்சிலேயே முட்டையிட்டுவிடுகிறது. புழு சதையைத் துளைத்துக் கொட்டைக்குள் புகுந்துகொள்ளும். காய் பெருக்கும்போது துளை மூடிக்கொள்வதால் வெளியே அடையாளம் தெரியாது. பழ ஈ வேறு வகை. முற்றிய காயின் தோலுக்கடியில் அது முட்டையிடும். புழு சதையைத் தின்பதால் பழம் கொழகொழத்து அழுகும்.

மறைந்திருக்கும் வண்டைக் காண எக்ஸ்ரே உதவும் என்று மும்பை பாபா அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் 1995ல் ஆய்வு வெளியிட்டனர். புழு அரித்த கொட்டையில் வெற்றிடம் இருக்கும். அந்த இடம் படத்தில் தனியாகத் தெரியும். புழு கடிக்கும் ஓசையைப் பிடிக்கும் நுண்ணிய மைக், பழுதான பழத்தின் வாசனையை உணரும் 'மின்னணு மூக்கு' ஆகியவையும் ஆராயப்பட்டுள்ளன. ஆனால் சந்தை இரைச்சலில் மைக்குக்குப் புழுவின் ஓசை கேட்காது. அப்போதுதான் இட்ட முட்டை எக்ஸ்ரேக்கும் தப்பிவிடும்.

ஏற்றுமதியில் இது பெரிய பிரச்சினை. 1989 முதல் இந்திய மாம்பழத்தை அனுமதிக்காத அமெரிக்கா, கதிர்வீச்சு கொடுத்து அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையுடன் 2007ல் அனுமதித்தது. கொட்டைக்குள் இருக்கும் பூச்சியையும் கதிர்வீச்சு எட்டும். பழ ஈக்காக 2014 மே மாதம் ஐரோப்பிய யூனியன் விதித்த தடை 2015ல் நீங்கியது.

இத்தகைய கருவிகள் பெரிய பேக்கிங் கூடங்களுக்கே கட்டுப்படியாகும். நம் கடைக்கு ஏற்ற வழிகள் வருமாறு:

1. சரக்கு எடுக்கும்போது ஒவ்வொரு தோட்டத்துப் பெட்டியிலும் சில பழங்களை, விற்பவர் முன்னிலையிலேயே கொட்டையோடு பிளந்து பாருங்கள். விலை பேசுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

2. பெட்டியில் தோட்டத்தின் பெயரைக் குறித்து வையுங்கள். புகார் வந்தால் எந்தச் சரக்கு என்று தெரியும்.

3. பழ ஈக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைத்த தோட்டத்துச் சரக்குக்கு முதலிடம் கொடுங்கள்.

4. அழுகிய பழத்தையும் கொட்டையையும் கடைக்குப் பின்னால் கொட்டாதீர்கள். ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். இல்லையேல் அங்கிருந்தே பூச்சி மீண்டும் பரவும்.

வண்டு கொட்டையோடு நின்றிருந்தால் சதை கெடுவதில்லை என்பதையும் வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லலாம். இருந்தாலும் அந்தப் பழத்துக்கு மாற்றுப் பழம் கொடுப்பதே கடைக்கு நல்லது.