பித்தளை கைப்பிடி, குரோம் குழாய்... ஒரே வீட்டில் கலக்கலாமா?

வாசக்கதவில் பித்தளை கைப்பிடி, கிச்சனில் ஸ்டீல் சிங்க், பாத்ரூமில் குரோம் குழாய். எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தால்தான் அழகா? அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை.

எப்படி கலக்கலாம்?

ஒரு அறையில் ஒரு உலோக நிறம் அதிகமாக இருக்கட்டும். துணைக்கு இன்னொன்று போதும். நாலைந்து சேர்ந்தால் ஹார்டுவேர் கடை மாதிரி ஆகிவிடும். குழாய், ஷவர், டவல் கம்பி போல பக்கத்து பக்கத்தில் இருப்பவை ஒரே ஃபினிஷில் இருப்பது நல்லது. ‘கோல்டு’ என்று பெயர் ஒன்றாக இருந்தாலும், கம்பெனிக்கு கம்பெனி நிறம் மாறும். அதனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தே வாங்கணும்.

எதைக் கவனிக்கணும்?

பூச்சு இல்லாத பித்தளை நாளாக நாளாக கறுக்கும். புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென ஆகும். ஆனா லாக்கர், கோல்டு கோட்டிங் உள்ளவற்றில் புளியோ ஆசிட்டோ பட்டால் பூச்சே கெட்டுவிடலாம். அதற்கு ஈரத்துணி போதும்.

கடலோர வீடுகளில் உப்புக்காற்றால் 304 ரக ஸ்டீலிலும் துருப்புள்ளி வரலாம். மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் இன்னும் நன்றாகத் தாங்கும்.

கடையில் விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது இதுதான்: முழு உலோகமா, மேல்பூச்சா? எதால் துடைக்கணும்?