மல்லாட்டைக்குத் தோற்ற தாடை!

போன வருஷம் நண்பரோடு செஞ்சிக்குப் போயிருந்தேன். ராஜகிரி மேலே ஏறி இறங்கிய பசி. அடிவாரத்தில் வறுத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கி நீட்டினேன். (மணிலாக்கொட்டைதான் இந்தப் பக்கத்து வாய்களில் மல்லாட்டை ஆகிவிட்டது!)

"வேணாம் சார். தாடை தாங்காது."

வயசு 28. 1690-லிருந்து 1698 வரை முகலாயப் படையைக் காக்க வைத்த கோட்டையில் ஏறி வந்த மனுஷன், ஒரு கடலையிடம் சரணடைந்துவிட்டார்!

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடுங்கள். அசைகிறதே, அதுதான் தாடை மூட்டு. உள்ளே எலும்புகளுக்கு நடுவே சின்னதாக ஒரு வட்டு. அது இடம் மாறினால் 'டக்'கென்று சத்தம் வரும். வலியில்லாத வெறும் சத்தத்துக்குப் பொதுவாக வைத்தியம் வேண்டாம். மூட்டோ, மெல்லும் தசையோ வலிக்க ஆரம்பித்தால்தான் வில்லங்கம். காது வலி, பல் வலி என்று வேஷம் கட்டும். நண்பர் முதலில் காதைக் காட்டினார். அப்புறம் ஒரு கடைவாய்ப் பல்லைத் தியாகம் செய்தார். பல் போச்சு, வலி போகவில்லை.

கடைசியில் பார்த்த பல் டாக்டர் ஆயுதம் எதையும் எடுக்கவில்லை. "முறுக்கு முடியுதா? கோழிக்கறி? சப்பாத்தி? இட்லி?" என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போடச் சொன்னார். ஸ்கேல் வைத்து வாயை அளந்தார். சாதாரணமாக 40 மில்லிமீட்டராவது திறக்க வேண்டும், இவருக்கு 31.

அடுத்து, இரண்டு கலர் சூயிங்கம்மைச் சேர்த்து முறுக்கிக் கொடுத்து, "இருபது தடவை மெல்லுங்க." துப்பியதைத் தட்டையாக்கிப் பார்த்தார். கலர் கலந்திருந்தால் பாஸ். கோடு கோடாக நின்றால் ஃபெயில்.

இதற்கெல்லாம் முன்னோடி யார் தெரியுமா? சாட்சாத் மல்லாட்டை! 1950-ல் மேன்லி, பிரேலி என்ற இருவர், ஆட்களை வேர்க்கடலை மெல்லச் சொல்லி, துப்பியதைச் சல்லடையில் அலசி, எவ்வளவு பொடியாகியிருக்கிறது என்று அளந்தார்கள்.

நண்பரின் சூயிங்கம் ஓரளவு நன்றாகவே கலந்திருந்தது. மார்க்கோ படுமோசம்! மெல்லத் தெம்பு இருக்கிறது. வலிக்குமே என்ற பயத்தில் கஞ்சிக்குப் போய்விட்டார். இதற்கு நேர்மாறான ஆசாமிகளும் உண்டு. 'நல்லாத்தானே மெல்றேன்' என்பார்கள். உள்ளே போவது முழுசு முழுசாக. அதனால்தான் வாயையும் கேட்க வேண்டும், பல்லையும் கேட்க வேண்டும் என்கிறார்கள்.

வைத்தியம் என்னவோ சாதுவானதுதான். வெந்நீர் ஒத்தடம், சில வாரம் மெத்தென்ற சாப்பாடு, தாடைப் பயிற்சி, ராத்திரி பல்லை நறநறப்பதால் மாட்டிக்கொள்ள ஒரு உறை. ஆபரேஷன் வெகு சிலருக்குத்தான். கூடவே டாக்டர் ஒரு கட்டளை போட்டார்: "ஆபீஸ்ல உதடு சேரலாம், பல்லு சேரக்கூடாது." மேனேஜர் கூப்பிட்டாலே பல்லைக் கடிக்கிற ஆசாமி இவர். (இதைப் படிக்கும் உங்கள் பற்கள் இப்போது எப்படி இருக்கின்றன?)

போன மாதம் மறுபடி செஞ்சி. நான் சில்லறை வாங்கித் திரும்புவதற்குள் பொட்டலத்தில் பாதி காலி.

"இன்னொண்ணு வாங்குங்க சார்!"