'லீவ் எல்லாம் கிடையாது' என மேனேஜர் சொன்னால் அவ்வளவுதானா? சட்டம் சொல்வது என்ன? முழு விவரம்!

தங்கைக்கு நிச்சயதார்த்தம், அப்பாவுக்கு கண் ஆபரேஷன், ஊரில் கோயில் கொடை... காரணம் எதுவாக இருந்தாலும் லீவ் கேட்டுப் போனால், "இப்ப சீசன் டைம்பா, ஆள் இல்லை, அப்புறம் பார்க்கலாம்" என்பதுதான் பல இடங்களில் கிடைக்கும் பதில். அந்த 'அப்புறம்' வருவதற்குள் வருஷமே முடிந்துவிடும். மிச்சம் இருந்த லீவும் கணக்கில் இருந்து காணாமல் போய்விடும்.

இப்படி மறுக்க மேனேஜருக்கு அதிகாரம் இருக்கிறதா? மறுத்தால் அந்த லீவ் என்ன ஆகும்? மீறி லீவ் போட்டால் வேலை போய்விடுமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

லீவ் சலுகையா? உரிமையா?

இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். வருஷத்துக்கு இத்தனை நாள் சம்பளத்துடன் லீவ் என்பது சட்டம் தரும் உரிமை. அதை எந்த மேனேஜரும் ரத்து செய்ய முடியாது. ஆனால், 'இந்தத் தேதியில்தான் வேண்டும்' என்று கேட்கும்போது, வேலை நிலவரத்தைப் பார்த்துத் தேதியை மாற்றச் சொல்லும் அதிகாரம் பெரும்பாலான லீவ் வகைகளில் நிர்வாகத்துக்கு உண்டு.

சுருக்கமாகச் சொன்னால், தேதியைத் தள்ளிப் போடலாம். லீவையே பறிக்க முடியாது. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் பலரும் 'சார் தரலை' என்று சொல்லி அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

கடை, அலுவலகம், ஐ.டி கம்பெனி ஊழியர்களுக்கு...

துணிக்கடை சேல்ஸ்மேன் முதல் ஐ.டி ஊழியர் வரை, தமிழ்நாட்டில் கடைகள், அலுவலகங்களில் வேலை செய்பவர்களுக்கான முக்கியச் சட்டம், 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். இதன் 25-வது பிரிவு மூன்று வகை லீவ் தருகிறது.

* ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு, அடுத்த ஆண்டில் சம்பளத்துடன் 12 நாள் விடுமுறை. எடுக்காவிட்டால் 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம்.
* உடம்பு சரியில்லை, அடிபட்டுவிட்டது என்றால் ஆண்டுக்கு 12 நாள் வரை மருத்துவ லீவ். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே இது உண்டு.
* நியாயமான காரணம் எதற்கும் ஆண்டுக்கு 12 நாள் வரை தற்செயல் விடுப்பு, அதாவது கேஷுவல் லீவ். இதுவும் முதல் ஆண்டிலேயே உண்டு.

வாரத்தில் ஒரு நாள் சம்பளத்துடன் ஓய்வு என்பது இந்தக் கணக்கில் சேராது. 'வார லீவ் எடுக்குறீங்கல்ல, அப்புறம் எதுக்கு தனியா லீவ்?' என்ற கேள்விக்குச் சட்டத்தில் இடமில்லை.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இதே பிரிவில் இருக்கிறது. ஓராண்டு முடித்தவர் தனக்குரிய 12 நாள் விடுமுறையைக் கேட்கிறார், நிர்வாகம் மறுக்கிறது, பிறகு அவர் வேலையை விட்டு நிற்கிறார் என்றால், அந்த நாட்களுக்கான சம்பளத்தை நிர்வாகம் கொடுத்தாக வேண்டும். ஆனால் 'கேட்டேன், மறுத்தார்கள்' என்பதற்கு ஆதாரம் வேண்டும். வாய்வார்த்தையாகக் கேட்டவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஒரு விதிவிலக்கும் உண்டு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் கம்பெனியின் லீவ் பாலிசியும்தான் அடிப்படை. அதே நேரம், பெயருக்கு 'மேனேஜர்' என்று பதவி கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதுதான் கணக்கு.

ஆலைத் தொழிலாளர்களுக்கு என்ன மாறியிருக்கிறது?

திருப்பூர் பனியன் கம்பெனி ஆனாலும் சரி, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை ஆனாலும் சரி, பல ஆண்டுகளாக 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம்தான் லீவ் கணக்கைத் தீர்மானித்து வந்தது. அதன்படி, ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால்தான் சம்பளத்துடன் ஆண்டு விடுப்பு கிடைக்கும்.

மத்திய அரசின் 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துள்ளன. அவற்றில் ஒன்றான பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, 240 நாளை 180 நாளாகக் குறைத்திருக்கிறது. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் லீவ் என்ற கணக்கு அப்படியே தொடர்கிறது. ஒருவர் ஆண்டில் 280 நாள் வேலை செய்திருந்தால் 14 நாள் லீவ் சேரும்.

லீவ் மறுக்கப்பட்டவர்கள் கவனிக்க வேண்டியது இதன் 32-வது பிரிவை. எடுக்காத லீவை 30 நாள் வரைதான் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியும். ஆனால், தொழிலாளி விண்ணப்பித்து, நிர்வாகம் தராமல் விட்ட லீவுக்கு இந்த 30 நாள் உச்சவரம்பு கிடையாது. எத்தனை நாள் ஆனாலும் அது கணக்கில் தொடரும். தேவையென்றால், ஆண்டு முடிவில் லீவைப் பணமாகக் கேட்கவும் இதில் வழி இருக்கிறது.

மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குபவர்களும், நிர்வாகப் பதவியில் இருப்பவர்களும் இந்தச் சட்டத்தில் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள்.

அரசு ஊழியர்கள் நிலைமை வேறு

அரசு ஊழியர்களுக்கு அடிப்படை விதிகள் கொஞ்சம் கறாராகவே இருக்கின்றன. லீவை உரிமையாகக் கோர முடியாது என்றும், பொதுப்பணியின் அவசியம் கருதி மறுக்கவோ, கொடுத்ததை ரத்து செய்யவோ அதிகாரிக்கு அதிகாரம் உண்டு என்றும் 67-வது விதி சொல்கிறது. இந்த அதிகாரத்தைப் பொதுப்பணியின் தேவைக்காகத்தான் பயன்படுத்த வேண்டும். தனிப்பட்ட கோபத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக அல்ல.

மேனேஜர் 'நோ' சொல்லவே முடியாத லீவ் எவை?

* மகப்பேறு விடுப்பு: முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதற்குப் பிறகு 12 வாரம். இந்த லீவில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருப்பதைக் காரணம் காட்டி மகப்பேறு விடுப்பு மறுக்கப்பட்டது. 2025 மே மாதம் அந்த மறுப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.
* வாக்குப்பதிவு நாள்: தேர்தல் அன்று வாக்காளரான ஊழியருக்குச் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு.
* தேசிய, பண்டிகை விடுமுறைகள்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய 4 நாட்களுடன் 5 பண்டிகை நாட்களும் தமிழ்நாட்டில் சம்பளத்துடன் கூடிய விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும். இல்லாவிட்டால் அன்றைய சம்பளத்துடன் வேறொரு நாள் விடுமுறை தர வேண்டும்.
* பாலியல் துன்புறுத்தல் புகார்: விசாரணை நடக்கும்போது புகார் கொடுத்த பெண்ணுக்கு 3 மாதம் வரை லீவ் தர உள்ளகக் குழு பரிந்துரைக்கலாம். பரிந்துரைத்தால் நிர்வாகம் அதை நிறைவேற்றியாக வேண்டும். வழக்கமான லீவ் கணக்கில் இதைக் கழிக்க முடியாது.

இ.எஸ்.ஐ-யில் இருப்பவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. உடல்நலம் சரியில்லை என்று இ.எஸ்.ஐ மருத்துவர் சான்றிதழ் கொடுத்தால், தகுதி உள்ளவருக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் உதவித்தொகையாகக் கிடைக்கும். கொடுப்பது இ.எஸ்.ஐ கழகம், கம்பெனி அல்ல.

மறுத்த பிறகும் லீவ் போட்டால்?

இங்கேதான் ரொம்ப கவனமாக இருக்க வேண்டும். 'என் உரிமைதானே' என்று சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால், அனுமதியில்லாத விடுப்பு என்ற கணக்கில் வந்துவிடும். 1946-ஆம் ஆண்டு மத்திய விதிகளின் மாதிரி நிலையாணைகள், அனுமதியின்றி 10 நாட்களுக்கு மேல் வராமல் இருப்பதை ஒழுங்கீனமாகவே பட்டியலிட்டன. பல ஆலைகளின் நிலையாணைகள் இதை ஒட்டித்தான் எழுதப்பட்டவை.

அதற்காக மறுநாளே பெயரை அடித்துவிட முடியாது. 8 நாட்களுக்கு மேல் வரவில்லை என்று விசாரணையே இல்லாமல் ஒரு தொழிலாளியை நீக்கிய வழக்கில், அது இயற்கை நீதிக்கு எதிரானது என்று 1993-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு ஊழியர் ஒருவரின் வழக்கில் 2012-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. வேண்டுமென்றே வராமல் இருந்தாரா, அல்லது நோய், விபத்து போல தவிர்க்க முடியாத காரணம் இருந்ததா என்று பார்க்காமல் தண்டிக்கக் கூடாது என்றது.

கடை, அலுவலக ஊழியர்கள் 6 மாதம் தொடர்ந்து வேலை செய்திருந்தால், நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்க முடியாது. நோட்டீஸுக்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளம் தரலாம். ஒழுங்கீனம் என்று சொல்லி நீக்கினால் நோட்டீஸ் தேவையில்லை, ஆனால் விசாரணை கட்டாயம்.

ஒரு நாள் வரலைன்னா ரெண்டு நாள் சம்பளம் கட்டா?

பல கடைகளில் எழுதப்படாத சட்டம் இது. வேலைக்கு வராத நாளுக்கு எவ்வளவு சம்பளமோ, அதைத்தான் பிடிக்கலாம். அதற்கு மேல் 'தண்டனை'யாகப் பிடிக்க நிர்வாகத்துக்கு இஷ்டப்படி உரிமை இல்லை. அபராதம் போடுவதற்குத் தனி நடைமுறை இருக்கிறது. அதுவும் அந்தச் சம்பளக் காலத்துக்கான ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பத்து பேரோ அதற்கு மேலோ கூட்டாக, நோட்டீஸும் நியாயமான காரணமும் இல்லாமல் வராமல் இருந்தால் மட்டும் விதி வேறு.

வாயால் கேட்காதீங்க, எழுதிக் கேளுங்க

மேலே பார்த்த எல்லா உரிமைக்கும் சாவி ஒன்றுதான். கேட்டதற்கும் மறுத்ததற்கும் ஆதாரம் வேண்டும். காபி டைமில் கேட்டு, தலையாட்டலில் முடிந்த லீவுக்கு எந்தச் சட்டமும் துணைக்கு வராது.

லீவ் மறுக்கப்பட்டால் அந்த விவரத்தையும் காரணத்தையும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும், தொழிலாளி கேட்டால் அதன் நகலைத் தர வேண்டும் என்பதுதான் மாதிரி நிலையாணைகள் வகுத்த நடைமுறை. உங்கள் கம்பெனியில் அப்படி ஒரு பதிவேடு இல்லையென்றால், அந்தப் பதிவை நீங்களே உருவாக்கலாம். இமெயிலோ, ஆபீஸ் வாட்ஸ்அப்போ, ஒப்புதல் கையெழுத்துடன் கூடிய கடிதமோ, எது வசதியோ அது.

முதலில் விண்ணப்பம். தேதி, நாட்கள், காரணம், எந்த வகை லீவ், உங்கள் வேலையை யார் பார்ப்பார் என்பதைச் சுருக்கமாக எழுதுங்கள். முன்கூட்டியே தெரிந்த காரணம் என்றால் 15 நாட்களுக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

வாயால் மறுத்துவிட்டாரா? அன்றைக்கே இப்படி ஒரு மெசேஜ் அனுப்பலாம்:

"வணக்கம் சார். 14, 15 தேதிகளுக்குக் கேட்டிருந்த லீவ், ஆள் குறைவாக இருப்பதால் இப்போது தர முடியாது என்று இன்று காலை சொன்னீர்கள். அந்த இரண்டு நாளும் என் லீவ் கணக்கிலேயே இருக்கட்டும். அதற்குப் பதிலாக 21, 22 தேதிகளில் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன்."

இதில் சண்டை இல்லை, சட்டப் பிரிவு எண் இல்லை. ஆனால் மறுத்த தேதி, மறுத்த காரணம், லீவ் கணக்கில் இருப்பது என மூன்றும் பதிவாகிவிட்டது. பதில் வராவிட்டாலும், நீங்கள் அனுப்பியதற்கான ஆதாரம் கையில் இருக்கும்.

திடீர் உடல்நலக் குறைவு என்றால் வரிசை மாறும். முதலில் தகவல், அடுத்து சிகிச்சை, பிறகு மருத்துவச் சான்றிதழ். போனில் சொல்லியிருந்தாலும் ஒரு வரி மெசேஜாகவும் அனுப்பிவிடுங்கள்.

யாரிடம் புகார் செய்வது?

முதலில் எச்.ஆர் அல்லது மேனேஜருக்கு மேல் இருக்கும் அதிகாரி. பல பிரச்னைகள் எழுத்துப்பூர்வ புகார் போனதுமே இங்கேயே முடிந்துவிடும். ஆலைகளில் தொழிற்சங்கம் இருந்தால் அவர்களிடமும் கொண்டுபோகலாம்.

அங்கே தீராவிட்டால், கடை, அலுவலக ஊழியர்கள் தங்கள் பகுதி தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் தரலாம். ஆலைத் தொழிலாளர்கள் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தை அணுகலாம். வேலையை விட்டே நீக்கிவிட்டார்கள் என்றால், தாமதிக்காமல் தொழிலாளர் துறையிடம் மேல்முறையீடு அல்லது சமரசத்துக்குப் போக வேண்டும். காலக்கெடு உண்டு என்பதால், 'கூப்பிடுவாங்க' என்று மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

புகாருடன் வைக்க வேண்டியவை: அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் அல்லது அடையாள அட்டை, சம்பளச் சீட்டு அல்லது வங்கிக் கணக்கு விவரம், லீவ் விண்ணப்பம், மறுத்த மெசேஜ், மருத்துவச் சான்றிதழ். ஆபீஸ் இமெயிலில் மட்டும் இருக்கும் லீவ் விண்ணப்பம், மறுப்பு போன்றவற்றின் நகலை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை போனால் முதலில் பூட்டப்படுவது அந்த இமெயில்தான்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யலாம். உங்கள் கணக்கில் எத்தனை நாள் லீவ் மிச்சம் இருக்கிறது என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். அந்த எண் தெரிந்தவருக்குத்தான், அடுத்த முறை 'அப்புறம் பார்க்கலாம்' என்று சொன்னால் 'எப்போ சார்?' என்று திருப்பிக் கேட்க முடியும்.