பிசாசின் மகள்

ஒன்பதாம் வகுப்பில் ஆகுபெயர் நடத்திக்கொண்டிருந்தோம். அதன் நுட்பங்களை நாம் உருக்கமாக எடுத்துரைத்துக்கொண்டிருந்த சமயத்தில், மூன்றாவது பெஞ்சியில் ஒரு பெண் கண்ணீர் விட்டுக்கொண்டிருப்பதைக் கண்டோம். இருபது வருஷமாக உபாத்தியாயர் தொழில் பார்த்து வருகிறோம்; ஆகுபெயருக்காகக் கண்ணீர் விட்ட மாணவியை இதற்கு முன் பார்த்ததில்லை. பெருமிதத்துடன் அருகில் சென்றபோதுதான் மர்மம் விளங்கிற்று. பெண்ணின் மடியில் தலையணை பருமனுள்ள ஓர் இங்கிலீஷ் நாவல் விரிந்து கிடந்தது.

நாவலைப் பறிமுதல் செய்தோம். விதிப்படி அதைத் தலைமை ஆசிரியரிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். ஆனால், “இப்படி அழ வைக்கும்படியாக இதில் என்னதான் எழுதியிருக்கிறது?” என்று பார்க்கும் ஆவலினால் வீட்டுக்கு எடுத்துச் சென்றோம். கண்டித்துப் பேசுவதற்கு வேண்டிய ஆதாரங்களைத் திரட்டவேண்டும் என்பதுதான் அப்போது நம் நோக்கம். இராத்திரி இரண்டு மணிக்கு நம் வீட்டு அம்மாள் எழுந்து வந்து விளக்கை அணைத்தாள் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம்.

நாவலின் பெயர் ‘க்ளாக்வொர்க் ஏஞ்சல்’. கடிகார யந்திரத் தேவதை என்று தமிழில் சொல்லலாம். ஆசிரியை காஸண்ட்ரா க்ளேர் என்னும் அமெரிக்க மாது. 1973-ல் தெஹ்ரான் நகரில் பிறந்தவர். இது 2010-ல் வெளிவந்தது. 2011-ல் ‘க்ளாக்வொர்க் பிரின்ஸ்’, 2013-ல் ‘க்ளாக்வொர்க் பிரின்ஸஸ்’ என்று இரண்டு பாகங்கள் தொடர்ந்தன. மூன்றும் சேர்ந்து ஒரே கதை. இந்த வகைக் கதைகளை மேல்நாட்டில் நகர மாயக் கதைகள் என்கிறார்கள். நம் பாட்டிமார் சொன்ன கதைகளில் ஏழு கடல் தாண்டி ஏழு மலை தாண்டித்தான் பூதம் குடியிருக்கும். இந்தக் கதைகளிலோ அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ரயிலடிக்குப் பின்புறச் சந்திலேயே பூதம் வாடகைக்கு வீடு எடுத்துக்கொண்டிருக்கும்.

கதை நடக்கும் இடம் லண்டன், வருஷம் 1878. டெஸ்ஸா க்ரே என்னும் பதினாறு வயதுப் பெண், நியூயார்க்கில் தன்னை வளர்த்த உறவுக்காரப் பெண்மணி இறந்துபோனதும், லண்டனில் இருக்கும் அண்ணன் அழைத்ததன்பேரில் கப்பலேறி வருகிறாள். சௌதாம்ப்டன் துறைமுகத்தில் அண்ணனைக் காணோம். அவனுடைய கடிதத்துடன் இரண்டு கிழவிகள் வண்டியில் காத்திருக்கிறார்கள். ஒருத்தியின் பெயர் மிஸஸ் பிளாக். மற்றவள் மிஸஸ் டார்க். ஒருத்தி கறுப்பு, இன்னொருத்தி இருட்டு! பெயர்களைக் கேட்ட மாத்திரத்தில் அடுத்த கப்பலிலேயே திரும்பியிருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. பாவம், அந்தப் பெண்ணுக்குத் தோன்றவில்லை.

ஆறு வாரம் அவளை ஓர் அறையில் அடைத்துவைத்து, வேறொருத்தியின் உடைமையைக் கையில் கொடுத்து, “நீ அவளாக மாறு” என்று கிழவிகள் உபத்திரவம் செய்கிறார்கள். மாறாவிட்டால் அண்ணனுடைய உயிருக்கு ஆபத்து என்று பயமுறுத்துகிறார்கள். “இதென்ன பைத்தியக்காரத்தனம்!” என்று அழுதவள், ஒரு நாள் மாறியே விடுகிறாள். உருவம் மட்டுமல்ல, அந்த மற்றொருத்தியின் நினைவுகளும் பயங்களும் இவள் மனத்துக்குள் வந்து புகுந்துகொள்கின்றன. இப்படியொரு சக்தி தன்னிடம் இருந்ததே அதுவரை அவளுக்குத் தெரியாது. சாதாரண மனிதருக்கு இந்தச் சக்தி வராது. அப்படியானால் நாம் யார்? மூன்று பாகங்களிலும் டெஸ்ஸாவைத் துரத்தி வருவது இந்தக் கேள்விதான்.

விடை மெள்ள மெள்ளத்தான் வெளிவருகிறது. அவளுடைய தாயின் கணவன் உருவத்தை எடுத்துக்கொண்டு வந்த ஒரு பிசாசுக்குப் பிறந்தவள் அவள். தாய்க்கே அந்த மோசம் தெரியாது. கர்ணன் தன் பிறப்பின் உயர்வை அறிந்து வேதனைப்பட்டான். இந்தப் பெண் தன் பிறப்பின் இழிவை அறிந்து வேதனைப்படுகிறாள். நமக்குப் பிரகலாதனைத் தெரியும். அசோகவனத்தில் சீதைக்கு ஆறுதல் சொன்ன திரிசடையைத் தெரியும். கம்பர் அவளை விபீஷணனுடைய மகளாகவே ஆக்கியிருக்கிறார். ஆனால், “என் இரத்தத்தில் இருப்பது ஒரு நாள் என்னை மீறிவிடுமோ?” என்ற பயம் பிரகலாதனுக்கும் இல்லை, திரிசடைக்கும் இல்லை. டெஸ்ஸாவுக்கு இருக்கிறது. நாவலின் உயிர்நிலை அங்கேதான் என்பது நம் அபிப்பிராயம்.

அவளுக்கு அடைக்கலம் கொடுப்பவர்கள் ‘நிழல் வேட்டைக்காரர்’ என்னும் கூட்டத்தார். தேவதையின் இரத்தம் தங்கள் உடம்பில் ஓடுகிறது என்று சொல்லிக்கொள்பவர்கள். பிசாசுகளைக் கொல்வது அவர்களுடைய குலத்தொழில். பிசாசின் வித்தில் பிறந்தவர்களை அவர்கள் கீழுலகத்தார் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய லண்டன் நிலையத்தை நிர்வகிக்கும் ஷார்லட் நல்லவள், திறமைசாலி. ஆயினும், “பெண்பிள்ளைக்கு இந்த அதிகாரமா?” என்று அவர்கள் சபையிலுள்ள பெரிய மனிதர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். கடைசியில் அந்தச் சபையின் தலைமைப் பதவியே அவளுக்கு வந்து சேருகிறது என்பதைப் படித்தபோது எழுந்து நின்று கை தட்டலாம் என்று இருந்தது. தேவதை இரத்தக்காரர்களின் யோக்கியதை எப்படி என்றால், அந்த நிலையத்திலேயே உண்டு உறங்கிய ஒருத்தி எதிரிக்கு உளவு சொல்லுகிறாள். டெஸ்ஸா அண்ணன் என்று நம்பியிருந்தவன், எந்தப் பிசாசின் கலப்பும் இல்லாத சுத்த மனிதன், காசுக்கும் ஆசைக்கும் தங்கையைக் காட்டிக்கொடுக்கிறான்.

கதையின் பெரிய வில்லனான மார்ட்மெயினும் சுத்த மனிதனே. இவனை வளர்த்தவர்கள்தான் மந்திரவாதிகள். அதாவது பிசாசுக் கலப்பில் பிறந்தவர்கள். அவர்கள் இவனை உள்ளன்போடு வளர்த்தார்கள். அவர்களை நிழல் வேட்டைக்காரர் கொன்றுவிட்டார்கள். அந்த ஒரு கொலைக்குப் பழி வாங்குவதற்காகவே மார்ட்மெயின் யந்திர மனிதர்களைச் செய்து படை திரட்டுகிறான். அந்த யந்திரங்களுக்குள் பிசாசுகளைப் பிடித்து அடைக்கும் மந்திரம் செத்துப்போன வளர்ப்புத் தகப்பனுக்கு மட்டுமே தெரியும். ஆகையால், செத்தவனுடைய உருவத்தை எடுக்கக்கூடிய ஒரு பிறவி வேண்டும் என்று திட்டமிட்டு, டெஸ்ஸாவின் பிறப்பையே இவன் ஏற்பாடு செய்திருக்கிறான்! பெண்ணைப் பெற்ற பிசாசு ஓர் அத்தியாயத்துக்குக்கூட உருப்படியாக வருவதில்லை. பாபத்தையெல்லாம் சிரமம் பார்க்காமல் செய்து முடிப்பது மனிதன்.

இங்கே இன்னொரு பாத்திரத்தைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஜெம் என்னும் வாலிபன் ஷாங்காய் நகரில் பிறந்தவன். தகப்பன் இங்கிலீஷ்காரன், தாய் சீன மாது. ஒரு பிசாசு அவனுடைய பெற்றோரைக் கொன்று, அவனுக்கு ஒரு விஷப் பொடியைப் பழக்கிவிட்டது. அதைச் சாப்பிட்டால் சிறுகச் சிறுகச் சாவு. சாப்பிடாவிட்டால் உடனே சாவு. வெள்ளிபோல் நரைத்த தலையுடன் பிடில் வாசித்துக்கொண்டு, தன் முடிவை அறிந்தே சாந்தமாக வாழ்கிறான். அவன் தன் ஊரைப்பற்றிப் பேசும் ஓரிடத்தில், அங்கே அபினியைக் கொண்டுவந்து குவித்தவர்கள் இங்கிலீஷ்காரர்கள்தான் என்று மனம் கசந்து சொல்லுகிறான். அமெரிக்கப் பெண்மணி ஒருவர் இளம் வயதினருக்காக எழுதிய மாயக் கதையில் இது வருமென்று நாம் எதிர்பார்க்கவில்லை. அந்த அபினியில் ஒரு பெரும்பகுதி விளைந்தது வேறெங்கும் இல்லை. நம் வங்காள மாகாணத்திலும் காசிக்குக் கிழக்கேயுள்ள ஜில்லாக்களிலும்தான். கம்பெனியார் முன்பணம் கொடுத்துக் குடியானவர்களைக் கசகசாச் செடி பயிரிட வைத்து, பாட்னாவிலும் காஜிப்பூரிலும் உள்ள கிடங்குகளில் உருண்டை பிடித்து, கல்கத்தாவில் ஏலம் போட்டார்கள். சீனர் தடுத்தபோது 1839 முதல் 1842 வரையில் ஒரு யுத்தம், 1856 முதல் 1860 வரையில் மற்றொரு யுத்தம். முதல் யுத்தத்தின் முடிவில் ஹாங்காங் தீவு அவர்கள் கைக்குப் போயிற்று. பிசாசு ஒரு பையனுக்குத்தான் பொடி கொடுத்தது. இந்த வியாபாரிகள் ஒரு தேசத்துக்கே கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் போனார்கள்.

வில் என்ற இன்னொருவனும் இருக்கிறான். வேல்ஸ் தேசத்துப் பையன். அழகன், படிப்பாளி, வாயைத் திறந்தால் விஷம். தன்னிடம் அன்பு செலுத்த வருகிற எல்லோரையும் குத்தலான பேச்சினாலே விரட்டி அடிக்கிறான். டெஸ்ஸாவும் அவனும் டிக்கன்ஸின் ‘இரு நகரங்களின் கதை’யைப்பற்றி வாதாடும் இடங்கள் படிக்க வெகு ருசியாக இருக்கின்றன. இவன் ஏன் இப்படி நடந்துகொள்கிறான் என்பது இரண்டாம் பாகத்தில்தான் வெளியாகிறது. பன்னிரண்டு வயதில், தகப்பனுடைய பெட்டியொன்றைத் திறந்துவிட்டான். உள்ளிருந்து வெளிப்பட்ட பிசாசு, “உன்னை நேசிக்கிறவர்கள் எல்லோரும் செத்துப்போவார்கள்” என்று சபித்தது. அன்றிரவே அக்காள் இறந்தாள். பையன் வீட்டை விட்டு ஓடிவிட்டான். பெற்றோரும் மற்றோரும் தன்னை நேசித்து இறந்துவிடக் கூடாதே என்று ஐந்து வருஷம் எல்லோரையும் வெறுக்கச் செய்து வாழ்ந்தான். அந்தப் பிசாசை மறுபடியும் தேடிப் பிடித்துக் கேட்டபோது, சாபம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று அது சொல்லிச் சிரிக்கிறது. அக்காள் இறந்தது அந்தப் பிசாசின் நஞ்சினால். மற்றதெல்லாம் வெறும் வார்த்தை. பன்னிரண்டு வயதுக் குழந்தையிடம் பெரியவன் ஒருவன் சொன்ன ஒரு வார்த்தை.

இந்த இடத்தில் நாம் புஸ்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

வகுப்பில் கண்ணீர் விட்ட அந்தப் பெண்ணின் தகப்பனார் சீட்டு நடத்தியவர். ஊரார் பணம் போய்விட்டது. அவரும் சிறைக்குப் போய்விட்டார். பத்திரிகையில் படம் வந்தது. ஊரில் அறியாதவர் இல்லை. சென்ற ஜூன் மாதத்தில், வகுப்பின் உல்லாசப் பிரயாணத்துக்காகத் திரட்டிய பணம் அந்தப் பெண்ணின் பொறுப்பில் இருந்தது. குறித்த நாளில் அவள் கொண்டுவரவில்லை. நாற்பது குழந்தைகள் கேட்கும்படியாக நாம், “விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்?” என்றோம். ஹாஸ்யம் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னோம். வகுப்பும் சிரித்தது. மறுநாள் காலையில் பணம் காலணா குறையாமல் வந்து சேர்ந்தது. தாயார் காய்ச்சலாக இருந்தாளாம். பீரோச் சாவி அவளிடம் இருந்ததாம். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டோம். வேறொன்றும் பேசவில்லை. அந்தப் பழமொழி நமக்கு அன்றைக்கே மறந்தும் போயிற்று.

நாவலில் குறைகள் உண்டு, இல்லாமல் இல்லை. வில்லும் ஜெம்மும் உயிருக்குயிரான நண்பர்கள். இருவரும் டெஸ்ஸாவைக் காதலிக்கிறார்கள், அவளும் இருவரையும் காதலிக்கிறாள். இந்த மும்முனைப் பெருமூச்சு மூன்று பாகங்களுக்கும் நீண்டு வருகிறது. நூறு பக்கம் குறைத்திருந்தால் காதலுக்கும் நஷ்டமில்லை, வாசகர்களுக்கும் லாபம். லண்டன் வர்ணனையும் பெரும்பாலும் நாடகமேடைத் திரைபோல இருக்கிறது: மூடுபனி, எரிவாயு விளக்கு, குதிரை வண்டி. அந்த நகரத்தின் ஏழைகள் அதிகம் தலை காட்டுவதில்லை. ஆனால், எஜமான் மகனால் முகத்தில் காயம் பட்ட ஸோபி என்னும் பணிப்பெண்ணை ஆசிரியை மறக்கவில்லை. அவளையும் முடிவில் உயர்ந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

நம் மனத்தில் நிற்கும் காட்சி முதல் பாகத்தின் கடைசியில் வருகிறது. மார்ட்மெயின் கையில் டெஸ்ஸா அகப்பட்டுக்கொள்கிறாள். தப்ப வழியில்லை. கிழவிகள் முன்பு அவளை, துப்பாக்கிக் குண்டுபட்டு இறந்த ஒரு பெண்ணாக மாறும்படி கட்டாயப்படுத்தியிருந்தார்கள். அது இப்போது நினைவுக்கு வருகிறது. கத்தியால் குத்திக்கொள்வதுபோல் பாவனை செய்து, ஒரு கணம் அந்தப் பெண்ணாக மாறுகிறாள். மார்பிலிருந்து இரத்தம் பெருகுகிறது. செத்தாள் என்று நம்பி அவன் ஓடிவிடுகிறான். பிசாசுத் தகப்பன் விட்டுச்சென்ற ஆஸ்தி அந்தச் சக்தி ஒன்றுதான். அதையே தன் உயிரையும் மானத்தையும் காத்துக்கொள்ள உபயோகிக்கிறாள். மூன்றாம் பாகத்தில் இதற்கும் மேலே போகிறாள். வேல்ஸ் நாட்டு மலைக்குகையொன்றில், தன் கழுத்துச் சங்கிலியில் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருக்கும் யந்திரப் பதுமைக்குள் சிறைப்பட்டிருக்கும் தேவதையாகவே மாறுகிறாள். பிசாசின் மகள் தேவதையின் உருவமெடுத்து மனிதனான பாபியை அழிக்கிறாள். அந்தப் பக்கங்களில் எழுத்து வெகு வேகம்.

பிசாசின் இரத்தத்துக்கு முதுமையும் இல்லை. டெஸ்ஸா வில்லை மணக்கிறாள்; அவன் கிழவனாகி 1937-ல் இறக்கிறான்; அவள் அப்படியே இருக்கிறாள். உயிர் பிழைப்பதற்காகத் துறவு பூண்ட ஜெம், வருஷத்துக்கு ஒரு நாள், லண்டனில் 1869-ல் திறக்கப்பட்ட பிளாக்பிரையர்ஸ் பாலத்தில் அவளை வந்து பார்த்துவிட்டுப் போகிறான். 2008-ல் அந்தப் பாலத்தில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்லமாட்டோம். இதுவரையில் அளவுக்கு மீறிச் சொல்லிவிட்டதற்காக வாசகர்கள் க்ஷமிக்கவேண்டும்.

முதல் பாகத்தை மூன்றாம் நாளே அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தோம். “ஸார், படிச்சீங்களா?” என்று கேட்டாள். “படித்தேன்” என்றோம். மறுநாள் நம் மேஜைமேல் இரண்டாம் பாகம் பழுப்புக் காகிதம் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. அடுத்த வாரம் மூன்றாவதும் வந்தது. அது இன்னும் நம்மிடம் இருக்கிறது. திங்கட்கிழமை முதல் மணி ஒன்பதாம் வகுப்புக்குத்தான். நாற்பது குழந்தைகளும் இருப்பார்கள். ஜூன் மாதத்தில் சொன்னதை அவர்கள் எல்லோருக்கும் முன்னால் எந்த வாக்கியத்தைக்கொண்டு திரும்ப எடுத்துக்கொள்வது என்று இரண்டு நாளாக எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இன்னும் சரியாக வரவில்லை.