வெயில் பட்டால் மாறும் மருந்து

மனநோய்க்குத் தரப்படும் குளோர்புரோமசின் மாத்திரையோடு, "வெயிலில் அதிகம் நிற்காதீர்கள்" என்ற எச்சரிக்கையும் சேர்ந்தே வரும். 1950இல் பிரான்சில் உருவாகி, 1952 முதல் மனநல மருத்துவத்தையே புரட்டிப்போட்ட மருந்து இது. இதை உட்கொள்பவர்களில் சிலருக்குக் கொஞ்ச நேரம் வெயில் பட்டாலே தோல் சிவந்து எரியும். மாத்திரைக்கும் வெயிலுக்கும் என்ன பகை?

விடை செல்லின் மேலுறையில் இருக்கிறது. அந்த உறை இரண்டு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் தண்ணீரை விரும்பும் ஒரு தலையும் தண்ணீரை வெறுக்கும் இரு வால்களும் உண்டு. இந்த உறையில் ஓர் அடுக்கை மட்டும் எடுத்து ஆராய எளிய வழி ஒன்று இருக்கிறது. ஆழமில்லாத தொட்டியில் தண்ணீர் ஊற்றி, குளோரோஃபார்மில் கரைத்த கொழுப்பை அதன்மேல் சொட்டுவார்கள். குளோரோஃபார்ம் ஆவியாகிவிடும். தலை நீரிலும் வால் காற்றிலுமாக, ஒரே ஒரு மூலக்கூறு கனமுள்ள படலம் மிஞ்சும். இர்விங் லாங்மியூர் 1917இல் விரிவாக விளக்கிய முறை இது. அதற்கு முன்பே, 1891இல், ஜெர்மனியில் வீட்டுச் சமையலறையில் இத்தகைய தொட்டியைக் கையாண்ட ஆக்னஸ் பொக்கெல்ஸின் ஆய்வு அச்சேறிவிட்டது. அவர் பெயர் இன்னும் அதிகம் பேசப்பட வேண்டும்.

தொட்டியின் தடுப்புப் பட்டையை நகர்த்தினால் படலம் நெருங்கும், அதன் அழுத்தம் ஏறும். அழுத்தம் மீட்டருக்குச் சுமார் 30 மில்லிநியூட்டன் ஆகும்போது நெரிசல் ஏறக்குறைய உயிருள்ள உறையில் இருப்பதுபோல் ஆகிவிடும். இப்போது அடியிலுள்ள நீரில் மருந்தைச் செலுத்தினால், அது படலத்துக்குள் நுழைகிறதா என்பதை அழுத்தம் ஏறுவதை வைத்தே சொல்லிவிடலாம். குளோர்புரோமசின் எளிதில் நுழையும். அதன் நேர்மின் முனை, எதிர்மின் தலையுள்ள கொழுப்புகளிடம் ஒட்டிக்கொள்ளும். வளையப் பகுதி வால்களுக்கிடையே செருகிக்கொள்ளும்.

அப்படி உட்கார்ந்திருக்கும்போது வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டால் கதை மாறுகிறது. மருந்திலுள்ள குளோரின் பிணைப்பு அறுந்து, எதனோடும் சட்டென்று வினைபுரியும் துண்டு பிறக்கிறது. அது உருவாக்கும் புதிய பொருள்கள் உறையைப் பழைய மருந்தைவிட மோசமாகக் குலைக்கின்றன. குளோர்புரோமசின் கரைசலுக்கு முதலில் ஒளி காட்டி, பிறகு இருட்டில் சிவப்பணுக்களோடு கலந்தாலும் அணுக்கள் உடைகின்றன. இந்தச் சேதத்துக்கு ஆக்சிஜன்கூடத் தேவையில்லை.

ஆக்சிஜன் வழியாகவே சேதம் செய்யும் வேறு வகை மருந்துகளும் உண்டு. போர்ஃபைரின் குடும்பத்தவை ஒளியை உறிஞ்சி, அந்த ஆற்றலைப் பக்கத்திலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுத்து அதை உக்கிரமாக்கிவிடும். அந்த ஆக்சிஜன் நீரில் சில மைக்ரோவினாடிகளே உயிர்வாழும். வெகுதூரம் போக முடியாது. ஆகவே ஒளி படும் நேரத்தில் மருந்து படலத்துக்குள் இருக்கிறதா, வெளியே நீரில் மிதக்கிறதா என்பதைப் பொறுத்தே சேதம் அமையும். இரட்டைப் பிணைப்புள்ள வால்களில் இந்த உக்கிர ஆக்சிஜன் பெராக்சைடைச் சேர்க்கிறது. நீரை விரும்பும் அந்தப் பகுதி மேற்பரப்பை நோக்கி வளைய, நெரிசலான பேருந்தில் ஒருவர் முழங்கையை விரித்ததுபோல் மூலக்கூறு கூடுதல் இடம் பிடிக்கிறது, படலம் விரிகிறது. வினை தொடர்ந்தால் வால்கள் துண்டாகி நீருக்குள் நழுவ, படலம் சுருங்குகிறது. இரட்டைப் பிணைப்பே இல்லாத கொழுப்புகளில் இந்த மாற்றம் அநேகமாக இல்லை.

ஒளியால் வரும் இந்தச் சேதத்தையே சிகிச்சையாகவும் ஆக்கியிருக்கிறார்கள். விழித்திரைக்கு அடியில் வேண்டாத ரத்தக் குழாய்கள் வளரும் நோய்க்கு வெர்டிபோர்ஃபின் என்ற மருந்தைச் சிரையில் ஏற்றி, 689 நானோமீட்டர் சிவப்பு லேசரைக் கண்ணுக்குள் செலுத்துவார்கள். அதன்பின் 5 நாள் நோயாளி நேரடி வெயிலைத் தவிர்க்க வேண்டும்.

டாக்சிசைக்ளின், அமியோடரோன் போன்ற மருந்துகளும் வெயிலோடு சேர்ந்தால் தோலைப் பாதிப்பவை. தோல் எரிகிறது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். முழுக்கைச் சட்டையும் குடையும் உதவும். சன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியை நம்பிவிட வேண்டாம்: புற ஊதா ஏ கதிர்களில் பெரும்பகுதி சாதாரணக் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிடும்.