வக்கீல் கேட்ட முதல் கேள்வி

வெள்ளிக்கிழமை சாயங்காலம். காப்பி டம்ளரைக் கையில் எடுத்தேனோ இல்லையோ, வாசலில் என் சிநேகிதி வந்து நின்றாள். கையில் வழக்கமான சாப்பாட்டுப் பை. முகம் மட்டும் வழக்கம் போல் இல்லை.

"உள்ளே வா. என்னடி ஆயிற்று?" என்றேன்.

அவள் பேசவில்லை. பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். தியாகராயநகரில் ஒரு ஜவுளிக் கடையில் பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறவள் அவள். 'நிர்வாகச் சீரமைப்பை முன்னிட்டுத் தங்கள் சேவை இன்றுடன் முடிவுக்கு வருகிறது' என்று மூன்றே வரி. தேதியைப் பார்த்தேன். எட்டு நாள் ஆகியிருந்தது!

அந்த எட்டு நாளும் அவள் வீட்டில் மூச்சு விடவில்லையாம். மாமியார் காதில் விழுந்தால் என்ன சொல்வாளோ என்று பயம். காலையில் டப்பாவில் சாதத்தை எடுத்துக் கொண்டு கிளம்பி, பனகல் பார்க்கில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்துவிட்டு, கடை விடுகிற நேரத்துக்கு வீடு திரும்புவாளாம்.

"நல்ல வக்கீலாக யாரையாவது தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியாமல் என்ன? நம் ஊரில் வைத்தியரும் வக்கீலும் சிபாரிசு செய்யத் தெரியாதவர் யார்? என் பெரியப்பா, தமது பாகப் பிரிவினை வழக்கை நடத்தியவர் பெயரைச் சொன்னார். எதிர் வீட்டு அம்மாள், தன் தங்கைக்கு ஜீவனாம்சம் வாங்கிக் கொடுத்தவரைச் சொன்னாள். இந்த யோசனைகளிலேயே மேலும் ஒரு வாரம் ஓடிவிட்டது. கடைசியில் பெரியப்பாவின் வக்கீலிடமே போனோம். விசாலமான அறை, கண்ணாடி பீரோ நிறையப் புஸ்தகம். அவர் கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "ஜெயித்து விடலாம், கவலையை விடுங்கள். இப்போது ஏதோ முன்பணம் கொடுங்கள். கடைக்காரரிடமிருந்து வருகிற தொகையில் கால் பங்கு எனக்கு" என்றார்.

கேட்பதற்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் இந்திய பார் கவுன்ஸில் விதிகளின்படி, வழக்கின் முடிவைப் பொறுத்துப் பீஸ் பேசவும், கிடைக்கிற தொகையில் பங்கு கேட்கவும் வக்கீலுக்கு அனுமதி இல்லை. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வழி காட்டியவர் ஒரு தொழிற்சங்கக் காரியதரிசி. பத்திரிகை வேலையாக முன்பு ஒரு தரம் சந்தித்தவர். "தொழிலாளர் துறை ஆபீஸ் பெஞ்சியில் என்னைப் போல் காத்துக் கிடக்கிறவர்களைக் கேளுங்கள். எந்த வக்கீல் வாய்தாவுக்கு ஒழுங்காக வருகிறார், யார் தம் ஜூனியரை அனுப்பிவிட்டு இருந்துவிடுகிறார் என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி" என்று சிரித்தார். அவர் சொன்ன விலாசம், தம்புச் செட்டித் தெருவில் ஒரு குறுகலான மாடிப்படிக்கு மேலே இருந்தது.

அங்கே இருந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள். "உட்காருங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்தது என்றைக்கு?"

"பதினெட்டு நாள் ஆகிறது, மேடம்."

"அப்படியானால் பன்னிரண்டு நாள் பாக்கி இருக்கிறது."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் என்று 1947-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று உண்டு. அதன் 41-வது பிரிவின்படி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமில்லாமல் நீக்கக் கூடாது. ஒரு மாத நோட்டீஸோ, அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்க வேண்டும். குற்றம் சாட்டி, விசாரணை நடத்தி, அது சாட்சியத்தோடு ருசுவானால்தான் நோட்டீஸ் வேண்டாம். எல்லாம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்பீல் செய்ய முப்பதே நாள்! அதில் பாதியைப் பார்க் பெஞ்சியிலும் பெரியப்பாவின் கூடத்திலும் தொலைத்திருந்தோம்.

இரண்டாவது கேள்வி இன்னும் விசித்திரமாக இருந்தது. "உங்களுக்குக் கீழே யாராவது உண்டா? லீவு கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கு இருந்ததா?"

ஏன் கேட்டார் என்றால், எந்தக் கதவைத் தட்டுவது என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது. கணக்கு எழுதுகிறவருக்கு ஒரு வழி. மானேஜருக்கு வேறு வழி, பெரும்பாலும் சிவில் கோர்ட்டில் நஷ்ட ஈடு. மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு நிர்வாகத் தீர்ப்பாயம். ஆலைத் தொழிலாளிக்கு இன்னொன்று. கதவு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த அம்மாள் ஒரு வழக்கைச் சொன்னார்.

கோவாவில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. 1975-ல் வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் தொழில் தகராறுச் சட்டத்தின்கீழ் சமரச அதிகாரியிடம் போனார், சமரசம் ஏற்படவில்லை. சர்க்கார், 'ஆசிரியை தொழிலாளி அல்ல' என்று சொல்லி வழக்கை மேலே அனுப்ப மறுத்தது. பம்பாய் ஹைக்கோர்ட்டும் கைவிரித்தது. சுப்ரீம் கோர்ட்டு 1988-ல் தீர்ப்புச் சொல்லிற்று: கற்பிப்பது புனிதமான பணி, ஆனால் அந்தச் சட்டம் சொல்லுகிற 'தொழிலாளி' என்ற சொல்லுக்குள் ஆசிரியர் வரமாட்டார். பதின்மூன்று வருஷம்! அவரை நீக்கியது நியாயமா, அநியாயமா என்கிற கேள்வியை அந்தக் கோர்ட்டுகள் தீர்மானிக்கவே இல்லை, பாருங்கள். வாசற்படியிலேயே வழக்கு நின்றுவிட்டது.

இப்போது சட்டமே மாறியிருக்கிறது. 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டம் போய், 2020-ல் இயற்றிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்தது. வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் கோர்ட்டுக்குப் போகப் பழைய சட்டம் மூன்று வருஷம் கொடுத்தது. புதிய சட்டத்திலோ, தகராறு எழுந்து இரண்டு வருஷம் கடந்துவிட்டால் சமரச அதிகாரி அதைத் தொடவே கூடாது. வக்கீலைத் தேடிப் போகிறவர்கள், "புதிய தொகுப்பில் என் வழக்குக்கு எத்தனை நாள் கெடு?" என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் சொல்லத் தயங்குகிறவர் நிலவழக்கில் புலியாக இருக்கலாம், இதற்கு வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை. அந்தச் சட்டத்தின்கீழ் நடக்கும் சமரசப் பேச்சுக்கு வக்கீல் வரவே கூடாது. தீர்ப்பாயத்திலும் எதிர்த் தரப்பு சம்மதித்து, தீர்ப்பாயமும் அனுமதித்தால்தான் வரலாம். பணக்கார முதலாளி பெரிய வக்கீலை வைத்து ஏழைத் தொழிலாளியை அமுக்கிவிடக் கூடாது என்று பழைய சட்டத்திலேயே செய்த ஏற்பாடு இது. சங்கத்துக்காரர்களுக்கு அவ்வளவு அனுபவம் இருப்பதும் இதனால்தான்.

"ஜெயித்து விடுவோமா, மேடம்?" என்று என் சிநேகிதி கேட்டாள்.

"அதைச் சொல்ல நான் ஜோஸியக்காரி இல்லை" என்றார் அவர். "கடைசி மாதச் சம்பளம் வாங்கியபோது ஏதாவது கையெழுத்துப் போட்டீர்களா?"

போட்டிருந்தாள். 'கணக்கு முழுதும் தீர்ந்தது, வேறு பாத்தியதை இல்லை' என்று ஒரு தாள். அதைக் கேட்டதும் அந்த அம்மாளின் முகம் கொஞ்சம் சுருங்கிற்று. "இதை வைத்துத்தான் அவர்கள் சண்டை போடுவார்கள். பதில் இருக்கிறது, ஆனால் சுலபமில்லை" என்றார். பாதகமானதை முதல் நாளே வாய்விட்டுச் சொன்னாரே, அப்போதுதான் எனக்கு அவரிடம் நம்பிக்கை பிறந்தது.

பிறகு பீஸ் பேச்சு. எதற்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்தார். அதோடு, "இதுவும் சிரமம் என்றால் கூச்சப்படாதீர்கள். 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி இலவச வக்கீல் கேட்கப் பெண்ணாக இருந்தால் போதும், வருமானம் எவ்வளவு என்று பார்க்கமாட்டார்கள்" என்றார். எனக்கு இது புதுச் செய்தி. ஜில்லா கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

வக்கீல் சரிப்படாமல் போனால்? மாற்றிக் கொள்ளலாம். பீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்சிக்காரரின் காகிதங்களை வக்கீல் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2000-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. ஆனாலும் அசலை வீட்டில் வைத்துக்கொண்டு நகலைக் கொடுப்பதுதான் நம் பெண்களுக்குத் தெரிந்த புத்தி.

இருபத்து நாலாவது நாள் அப்பீல் தாக்கலாயிற்று. முதல் வாய்தாவில் கடைக்காரர் தரப்பு அவகாசம் கேட்டு வாங்கிக் கொண்டது. அடுத்தது வருகிற மாதம். அதற்குள் பதினோரு வருஷத்துச் சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, மானேஜர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் நகலெடுத்துக் கொண்டு வர வேண்டும் என்று உத்தரவு.

நேற்று அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடம் முழுவதும் காகிதம். நடுவில் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு, சீட்டுக்களைத் தேதி வாரியாக அடுக்கிக் கொண்டிருந்தது அவள் மாமியார்.

"2021-ல் மார்ச் மாதத்தைக் காணோமே! எங்கே வைத்துத் தொலைத்தாய்?" என்று மருமகளை அதட்டிக் கொண்டிருந்தாள் அந்த அம்மாள்.