நீர் தேங்காத வயலில் நெல்

நெல்லென்றால் வயலில் நீர் நிற்க வேண்டும் என்பதே நாம் ஊரில் கண்ட வழக்கம். நம் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட எம்.ஏ.எஸ். 946-1 என்னும் நெல்லுக்கு அது தேவையில்லை. 'சாரதா' என்றும் இதனை அழைப்பர். கேழ்வரகைப் போல நேரே விதைத்து, ஈரம் குறையும்போது நீர் பாய்ச்சினால் போதும்.

இதன் பெற்றோர் இரு நெல்வகைகள். ஐ.ஆர். 64 நன்கு விளையும். ஆனால் வேர் ஆழம் போகாது. பிலிப்பைன்சு நாட்டு மேட்டுநில நெல்லான அசுசெனா ஆழமாக வேர்விடும். இரண்டையும் கலந்து பெற்ற பயிர்களில் ஆழவேர் எதற்கு வாய்த்தது? தோண்டிப் பார்த்தால் பயிர் வீணாகும்.

முனைவர் சைலஜா ஹிட்டல்மணி குழுவினர் இதற்கு மரபணுக் குறிகளைத் துணைகொண்டனர். ஆழவேருக்குரிய மரபணுவின் அருகிலிருந்து, பெரும்பாலும் அதனோடு சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குச் செல்லும் டி.என்.ஏ. பகுதியே குறி. நாற்றின் இலையைச் சிறிது கிள்ளி ஆய்ந்தால் குறி தெரிந்துவிடும். குறியுள்ள நாற்றை வளர்ப்பார்கள். வேற்றுயிரின் மரபணு எதையும் இதில் புகுத்தவில்லை. நெல்லோடு நெல் சேர்ந்ததே.

காவிரி வழக்கில் 2018-இல் உச்சநீதிமன்றம், கர்நாடகம் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. நீர் திறந்துவிட வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பால் ஆற்றில் நீர் கூடிவிடாது. குறைந்த நீரில் விளையும் நெல் இரு மாநில உழவர்க்கும் உதவும். இப்பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் வேளாண் விழா நடக்கிறது. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள்.